ஒரே முடிச்சில் நான்கு கேள்விகள்

கேள்வி: சிறு நூலகங்கள் தங்கள் புத்தகப் பட்டியலை வைத்துக்கொள்ள உதவும் திறமூல மென்பொருள் ஒன்றைப் பராமரித்துவருகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. தொடர்ந்து பங்களிப்பவர்கள் 14 பேர். இப்போதுள்ள 3-ஆம் பதிப்பு, திரை முகப்பை எழுத உதவும் கருவியான க்யூட்டி 5-இல் எழுதப்பட்டது. பட்டியலை எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவக் கோப்பாகச் சேமிக்கிறது. அடுத்த பதிப்பை க்யூட்டி 6-க்குக் கொண்டுபோய், பட்டியலை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்று புதிதாக வந்த ஆறு பேர் கேட்கிறார்கள். தேடலை வேகமாக்க அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கும் ஒரு நிரல்தொகுப்பையும் சேர்க்க நினைக்கிறார்கள். எங்கள் மென்பொருளின் உரிமம் ஜிபிஎல் 2 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம். ஒன்பது ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் மூத்தவர் ஒருவர் இதை அடியோடு எதிர்க்கிறார். 32 பிட் கணினியும் விண்டோஸ் 7-உம் வைத்திருக்கும் நூலகங்களை நட்டாற்றில் விடுகிறோம் என்பது அவர் வாதம். "பழசையே கட்டிக்கொண்டிருந்தால் புதியவர்கள் யார் வருவார்கள்?" என்கிறது மறுதரப்பு. நான்கு மாதமாக ஒவ்வொரு சந்திப்பிலும் இதே பேச்சுதான். வாக்கெடுப்பு வைத்து முடித்துவிடலாமா? வைத்தால் அவர் விலகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பராமரிப்பாளராக நான் எந்தப் பக்கம் நிற்பது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

வாக்கெடுப்பு இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்கு மாதமாக நீங்கள் எல்லோரும் பேசுவது ஒரு கேள்வியை அல்ல, நான்கு கேள்விகளை. முகப்பை எந்தக் கருவியில் எழுதுவது, பட்டியலை எந்த வடிவத்தில் சேமிப்பது, பழைய கணினிகளை எதுவரை தாங்குவது, அந்தத் தேடல் தொகுப்பைச் சேர்க்கலாமா என்ற நான்கையும் ஒரே முடிச்சாகப் போட்டு "புதியதா, பழையதா?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மூத்தவர் ஒன்றை மறுக்கும்போது நான்கையும் மறுப்பதாகப் படுகிறது. புதியவர்கள் ஒன்றைக் கேட்கும்போது நான்கையும் திணிப்பதாக அவருக்குத் தோன்றுகிறது.

நான்காவதிலிருந்து தொடங்குகிறேன். உங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஜிபிஎல் 2 உரிமமும் அப்பாச்சி 2.0 உரிமமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. அப்பாச்சி உரிமத்தில் காப்புரிமை பற்றிய சில நிபந்தனைகள் உண்டு. ஜிபிஎல் 2-ஓ, தன்னில் இல்லாத கூடுதல் நிபந்தனை எதையும் ஏற்காது. இந்த இரண்டையும் சேர்க்க முடியாது என்பதுதான் ஜிபிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடும். 2007-இல் வந்த ஜிபிஎல் 3 அப்பாச்சி 2.0-ஐ ஏற்கிறது. ஆகவே உங்கள் மூலக்கோப்புகளின் தலைப்பில் "பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது" என்று இருக்கிறதா, "பதிப்பு 2 மட்டும்" என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முதலாவது என்றால், ஒட்டுமொத்த வெளியீட்டை ஜிபிஎல் 3-இன் கீழ் கொடுத்து அந்தத் தொகுப்பைச் சேர்க்கலாம். இரண்டாவது என்றால், இதுவரை ஒரு வரி எழுதிப்போனவர்கள் உட்பட உரிமை உள்ள அனைவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். விஎல்சி பிளேயரின் மைய இயந்திரத்தை 2011-இல் ஜிபிஎல்லிலிருந்து சற்றுத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றியபோது, எழுதியவர்களைத் தேடித் தேடிக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. உங்கள் குழுவின் இப்போதைய மனநிலையில் அந்த வேலையைத் தொடங்காதீர்கள். வேறு தேடல் தொகுப்பைப் பாருங்கள். எஸ்க்யூலைட்டிலேயே முழு உரைத் தேடலுக்கான வசதி உண்டு. எஸ்க்யூலைட்டின் மூலநிரலோ பொது உடைமையாக விடப்பட்டது, உரிமச் சிக்கலே எழாது. ஒரு கேள்வி கழன்றுவிட்டது.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் சேமிப்பு வடிவம்.

முகப்புக் கருவி உங்களுடையது. பட்டியல் உங்களுடையதல்ல. அது ஏதோ ஒரு நூலகர் பல ஆண்டுகள் உட்கார்ந்து தட்டெழுதியது. உங்கள் கூட்டத்துக்கு அவர் வரமாட்டார், வாக்கும் போடமாட்டார். ஆனால் தவறு நடந்தால் இழப்பு அவருக்குத்தான். அதனால் "வேலை செய்கிறவர் முடிவெடுக்கட்டும்" என்ற திறமூல வழக்கத்தை முகப்புக்கு மனதார ஏற்கும் நான், கோப்பு வடிவத்துக்கு ஏற்க மாட்டேன். அங்கே வேலை செய்கிறவர் முடிவெடுக்கும் முன், எதிர்க்கிறவர் சொல்வதை முழுதாகக் கேட்டாக வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் பழைய புகைப்படங்களுக்கான பட்டியல் மென்பொருள் ஒன்றில் தன்னார்வலராக இருந்தேன். சேமிப்பு வடிவத்தை மாற்றினோம். மாற்றும் நிரலை எழுதியது நான். 'ஆண்டு' என்ற புலத்தை எண்ணாக மாற்றினேன். அதுதானே முறை என்று தோன்றியது. எங்களில் ஒருவர் மட்டும் "ஜனங்கள் அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் போட்டிருப்பார்கள் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். ஒன்பதுக்கு ஒன்று என்று வாக்கில் தோற்றார். அவர் கேட்டது சரி. "1950 வாக்கில்", "போருக்கு முன்", "அப்பா கல்யாணத்துக்கு மறு வருஷம்" என்றெல்லாம் பயனர்கள் எழுதி வைத்திருந்தார்கள். என் நிரல் அவற்றையெல்லாம் சத்தமில்லாமல் வெறுமையாக்கியது. எட்டு மாதம் கழித்துத்தான் ஒரு பயனர் கண்டுபிடித்தார். அதற்குள் அவரிடம் பழைய கோப்பின் நகல் இல்லை. அவரிடம் நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எஸ்க்யூலைட் மோசமான தேர்வு என்று நான் சொல்லவரவில்லை. நல்ல தேர்வு. 2004-இல் வந்த 3.0 பதிப்பில் எழுதிய கோப்பை இன்றைய பதிப்பும் திறக்கும். 2050 வரை ஆதரிப்போம் என்று அதை உருவாக்குகிறவர்கள் வெளிப்படையாக உறுதி சொல்லியிருக்கிறார்கள். தரவுத்தொகுப்புகளை நெடுங்காலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பரிந்துரைக்கிறது. இவற்றையெல்லாம் புதியவர்கள் மூத்தவரிடம் எடுத்துச் சொன்னார்களா? "வேகமாக இருக்கும்" என்பதைவிட, "இன்னும் கால் நூற்றாண்டு திறக்கும்" என்பதுதான் அவருடைய கவலைக்குப் பதில்.

அதேபோல மூத்தவர் கேட்டிருக்க வேண்டிய, ஒருவேளை கேட்டும் சத்தத்தில் அமுங்கிப்போன ஒரு கேள்வி உண்டு. உங்கள் நூலகங்களில் எத்தனை, கோப்பை வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் வைத்து இரண்டு மூன்று கணினிகளிலிருந்து திறக்கின்றன? அப்படிப்பட்ட இடங்களில் எச்சரிக்கையாக இருக்கும்படி எஸ்க்யூலைட்டின் ஆவணங்களே சொல்கின்றன. பகிர்வுக் கோப்புறைகளில் கோப்புப் பூட்டு பல நேரம் ஒழுங்காக வேலை செய்யாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு சிதையலாம். எக்ஸ்எம்எல்லிலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் மேலெழுதும் ஆபத்து உண்டுதான். ஆனால் சிதைந்த எக்ஸ்எம்எல் கோப்பை எந்த உரைத்திருத்தியிலும் திறந்து கையால் சரிசெய்ய முடியும். பயனர்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டறியாமல் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

கேட்டறிந்த பிறகும் மாற்றுவதாக இருந்தால், வரிசை முக்கியம். முதலில் படிக்கக் கற்றுக்கொடுங்கள், பிறகு எழுதக் கற்றுக்கொடுங்கள். 3-ஆம் பதிப்பின் கடைசி வெளியீடு புதிய வடிவத்தைத் திறந்து படிக்கட்டும். அது பரவலாகப் போய்ச்சேர்ந்த பிறகு, புதிய வடிவத்தில் எழுதும் 4-ஆம் பதிப்பு வரட்டும். இல்லாவிட்டால் 4-க்கு மாறிய நூலகம் அனுப்பும் பட்டியலை 3-இல் இருக்கும் பக்கத்து நூலகம் திறக்க முடியாமல் திகைக்கும். அவர்கள் திட்டுவது அனுப்பிய நூலகரை, உங்களை அல்ல. 4-ஆம் பதிப்பு பழைய எக்ஸ்எம்எல்லை எப்போதும் படிக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்யும் வசதியும் நீடிக்க வேண்டும். மாற்றத்தின்போது பழைய கோப்பைத் தொடாமல் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். தனக்குப் புரியாத புலம் ஒன்று கோப்பில் இருந்தால் மென்பொருள் அதைத் தூக்கி எறியாமல் அப்படியே சுமந்துபோகட்டும்.

இவை அனைத்தையும்விட எனக்கு நம்பிக்கை தரும் ஒன்று: பயனர்களிடம் அனுமதி கேட்டு, உண்மையான பழைய கோப்புகள் சிலவற்றை வாங்குங்கள். வாசகர் பெயர், முகவரி போன்றவற்றை நீக்கிவிட்டுச் சோதனைத் தொகுப்பாக வையுங்கள். பழையதிலிருந்து புதியதற்கு, புதியதிலிருந்து மறுபடி பழையதற்கு மாற்றி, முதலில் இருந்ததோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். என் 'ஆண்டு' பிழையை அந்தச் சோதனை ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்திருக்கும். நாமே உட்கார்ந்து எழுதும் மாதிரிக் கோப்புகள் இதற்குப் போதாது. அவற்றில் நமக்குத் தோன்றும் பிழைகள் மட்டும்தான் இருக்கும்.

ஒத்திசைவு, அதாவது பழைய கோப்பு புதியதிலும் திறப்பது, ஒரு வாக்குறுதி. இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தமிழில் கணினியைப் புழங்கியவர்கள் இதை அனுபவித்திருக்கிறார்கள். எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்றிருந்த காலத்துக் கோப்புகள் எத்தனையோ இன்று வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடும் ஒருமுறை இந்தத் தவறைச் செய்தது. 1996-இல் வந்த 2.0 பதிப்பில் கொரிய ஹங்குல் அசைகளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தினார்கள். அதற்குப் பிறகு, ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை நகர்த்தவோ நீக்கவோ மாட்டோம் என்பதே விதியாகிவிட்டது. நீங்கள் இதைப் படிக்கும் இந்த எழுத்துகள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் எழுத்துகளாகவே தெரியும் என்றால் அந்த விதியால்தான்.

க்யூட்டி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நான் புதியவர்கள் பக்கம். க்யூட்டி 5-இன் கடைசி வரிசையான 5.15 வந்தது 2020 மே மாதம். க்யூட்டி 6 வந்தது அதே ஆண்டு டிசம்பரில். பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்துகொண்டே போகும் அடித்தளத்தின் மேல் இலவசமாக வேலை செய்யச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. புதிதாக வருகிறவர் கற்றுக்கொள்ளவும் வருகிறார். காலாவதியாகும் கருவியைக் கற்றுக்கொள் என்று அவரிடம் சொல்வதில் நியாயம் இல்லை.

ஆனால் ஒரே தாவலாகத் தாவ வேண்டியதில்லை. பைத்தான் நிரல்மொழி 2-ஆம் பதிப்பிலிருந்து 3-க்குப் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 3.0 வந்தது 2008 டிசம்பரில். பழையதின் கடைசி வரிசையான 2.7-ஐ 2015-இல் நிறுத்துவதாக இருந்தார்கள். முடியவில்லை, 2020 வரை நீட்டினார்கள். தொடக்கத்தில், பழைய நிரலை ஒரு கருவியால் ஒரேயடியாக மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணினார்கள். நடைமுறையில் பலரும் போன வழி வேறு: ஒரே நிரல் இரண்டிலும் ஓடும்படி எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார்கள். அதற்கு உதவியாக, 3.0-இல் எடுத்துவிட்டிருந்த நிரலில் யூனிகோட் உரையைக் குறிக்கும் 'யு' என்ற முன்னெழுத்தை 2012-இல் 3.3 பதிப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொள்கையளவில் தேவையற்ற ஒற்றை எழுத்துதான். ஆனால் அது இல்லாமல் நகர முடியாது என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு அதைத் திரும்ப வைத்தார்கள்.

உங்களுக்கும் அந்த வழி இருக்கிறது. முதலில் 5.15-க்கு வந்து, 'இது நீக்கப்படப்போகிறது' என்று வரும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீருங்கள். நீக்கப்பட்ட சில வகுப்புகளுக்காக க்யூட்டி 6-இல் தனி ஒத்திசைவுத் தொகுப்பு இருக்கிறது. ஒரே மூலநிரல் சில காலம் இரண்டிலும் தொகுக்கப்படட்டும். இந்த வேலையில் மூத்தவருக்கும் மறுப்பு இருக்காது, ஏனெனில் 3-ஆம் பதிப்பும் இதனால் சுத்தமாகும்.

விண்டோஸ் 7 பற்றி அவருக்கு நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். க்யூட்டி 6 அதில் ஓடாது. விண்டோஸின் 32 பிட் பதிப்புகளையும் அது கைவிட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-க்கான ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரியில். இதை வாதத்தால் மாற்ற முடியாது. மாற்ற முடிவது, அந்த நூலகங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான். 3-ஆம் பதிப்புக்கென ஒரு கிளையை வைத்து, பிழைத்திருத்தம் மட்டும் கொடுங்கள். எந்தத் தேதி வரை என்று அறிவியுங்கள். யார் பொறுப்பு என்று பெயரோடு எழுதுங்கள். பெயர் இல்லாத வாக்குறுதி வேண்டாம்; "சமூகம் பார்த்துக்கொள்ளும்" என்று எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள். அந்தப் பெயர் மூத்தவருடையதாக இருக்குமா என்று அவரிடமே கேளுங்கள். முடியாது என்றால், இந்தக் கூட்டத்தின் சக்தி அவ்வளவுதான் என்பது அவருக்கும் புரியும். முடியும் என்றால், எதிர்த்து நின்றவருக்கு எதற்காக எதிர்த்தாரோ அந்த வேலையே கிடைக்கிறது.

வாக்கெடுப்பு ஏன் வேண்டாம் என்றேன்? டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் சமூகத்தைப் பாருங்கள். கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் முதல் நிரல் எதுவாக இருக்க வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் அவர்களின் தொழில்நுட்பக் குழு வாக்களித்தது. சிஸ்டம்டிக்கும் அப்ஸ்டார்ட்டுக்கும் நாலுக்கு நாலு என்று சமமாக வந்து, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வென்றது. முறைப்படி எல்லாம் சரி. ஆனால் நவம்பரில் உறுப்பினர் அனைவரும் வாக்களிக்கும் பொதுத் தீர்மானம் வரை போனது. "இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை" என்ற தெரிவுதான் அதில் வென்றது. அதே மாதம் ஒரு பகுதியினர் டெவுவன் என்று தனியே பிரிவதாக அறிவித்தார்கள். 2019 டிசம்பரில் இதே விஷயத்துக்காக மறுபடியும் வாக்கெடுப்பு. ஆயிரம் பேர் அளவில் இருக்கும், சட்டதிட்டம் எழுதி வைத்திருக்கும் சமூகம் அதைத் தாங்கியது. 14 பேர் கொண்ட குழு தாங்காது. எட்டுக்கு ஆறு என்று முடிவு வந்தால், தோற்ற ஆறு பேர் மறுநாள் மாலை எதற்காக உட்கார்ந்து வேலை செய்வார்கள்? சம்பளம் இருக்கும் இடத்தில் தோற்றவரும் திங்கட்கிழமை வேலைக்கு வந்துதான் ஆக வேண்டும். இங்கே அப்படி இல்லை.

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் வாக்கெடுப்பை நம்பி நடப்பதில்லை. அவர்கள் தேடுவது தோராயமான இணக்கம். அதற்கு அர்த்தம் பெரும்பான்மை அல்ல. 2014-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 7282 என்ற ஆவணத்தில் விளக்கியிருக்கிறார்கள். எழுந்த ஒவ்வொரு மறுப்பும் எடுத்து ஆராயப்பட்டதா என்பதே அளவுகோல். ஒவ்வொரு மறுப்புக்கும் இணங்கியாக வேண்டும் என்பதல்ல. நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் மறுத்தாலும், அந்த ஐந்து பேர் சுட்டிய குறைக்குப் பதில் இல்லையென்றால் இணக்கம் இல்லை. பதில் சொல்லப்பட்டுவிட்டால், அவர்கள் மனம் மாறாவிட்டாலும் மேலே போகலாம். உங்கள் குழுவுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். எண்ணிக்கையில் அவர் ஒருவர் என்பது பிரச்சினையே அல்ல. அவர் சொன்னதற்குப் பதில் இருக்கிறதா என்பதே கேள்வி.

அதற்கு ஒரு பயிற்சி. அடுத்த சந்திப்புக்கு முன், புதியவர்களில் ஒருவர் மூத்தவரின் மறுப்பைத் தன் சொற்களில் ஒரு பக்கம் எழுதட்டும். மூத்தவர் அதைப் படித்து "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் வரை திருத்தட்டும். அதேபோல அவர்களுடைய தேவையை மூத்தவர் எழுதட்டும். பிறகு நான்கு கேள்விகளையும் தனித்தனிச் சந்திப்பில் எடுங்கள். உரிமத்தை முதலில், சேமிப்பு வடிவத்தைக் கடைசியில். ஒவ்வொன்றின் முடிவையும், எந்தத் தெரிவுகளை ஏன் விட்டோம் என்பதோடு சேர்த்து, மூலநிரலோடு இருக்கும் ஒரு கோப்பில் பதிந்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து வருகிறவர் இதே சண்டையை முதலிலிருந்து தொடங்க மாட்டார்.

அவர் விலகிவிடுவாரோ என்று கேட்டீர்கள். விலகலாம். பிரிந்து தனிக்கிளை தொடங்கவும் உரிமம் அவருக்கு வழி விடுகிறது. அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014 டிசம்பரில் நோட்.ஜேஎஸ் என்ற திறமூல மென்பொருளிலிருந்து பிரிந்த ஐஓ.ஜேஎஸ், அடுத்த செப்டம்பரில் 4.0 பதிப்பாகத் திரும்ப வந்து இணைந்தது. பிரிந்தவர்களை ஏசாமல் இருந்தால் திரும்பி வரும் வழியும் திறந்தே இருக்கும். ஆனால் என் அனுபவத்தில், ஒன்பது ஆண்டு உழைத்தவர் ஒரு கருவிக்காக விலகுவதில்லை. தான் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்று தோன்றும்போதுதான் விலகுகிறார்.

எந்தப் பக்கம் நிற்பது என்ற கேள்விக்கு என் பதில்: முகப்பில் புதியவர்களோடு, கோப்பு வடிவத்தில் அந்த நூலகரோடு. சந்திப்புக்குக் காத்திருக்காமல் மூத்தவரைத் தனியாக ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவரைச் சமாதானப்படுத்தக் கூப்பிடாதீர்கள். "எந்த நூலகத்தில் எது உடைந்ததைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். சோதனைத் தொகுப்புக்கான முதல் பழைய கோப்பை அவரிடமிருந்தே வாங்குங்கள்.